மாமா ஓடாத ஓட்டம்

அன்று மைதானத்தில் எங்கள் ஆட்கள் ஐந்து பேர் இருந்தோம். அம்மா, நான், மூன்று வயதுத் தம்பி, மாமா, மாமா சம்பளத்துக்குப் பராமரித்துவந்த, நாங்கள் சின்யோரா என்று கூப்பிடும் இத்தாலியக் கிழவி. இதில் தம்பி அம்மாவின் மடியில் நித்திரை. மாமா விளையாட்டுக்குள் நின்றார். ஆகவே நடந்ததற்குச் சாட்சி என்றால் மூன்று பேர்தான். அப்பா அந்த நேரம் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கதையை எங்கள் மூன்று பேரையும்விட அவர்தான் நன்றாகச் சொன்னார் என்பது வேறு விஷயம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. இத்தாலியில், பலெர்மோவில் போர்கோ வெக்கியோச் சந்தைக்கு மேலே, மூன்றாம் மாடியில், இரண்டு அறை வீட்டில் இருந்தோம். மாமா அம்மாவின் கடைசித் தம்பி. மன்னாரிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சின்யோராவுக்கு எண்பத்துநான்கு வயது, நடக்க ஏலாது. அவரைக் குளிக்கவார்த்து, சாப்பாடு தீத்தி, இருமினால் எழும்பித் தண்ணீர் கொடுத்து, கிழமையில் ஆறு நாளும் மாமா அங்கேயே கிடப்பார். ஞாயிற்றுக்கிழமை சின்யோராவின் மகள் வருவார். மாமாவுக்கு விடுதலை. பூசை முடிந்ததும் கடற்கரைப் புல்தரையில் எங்கள் பொடியன்கள் கிரிக்கெட் அடிப்பார்கள். மாமா அடித்த பந்துகளில் பாதி கடலுக்குள் கிடக்கிறது என்று அப்பா சொல்வார்.

ஒரு ஞாயிறு, அந்த வழியாக நாயோடு உலாத்தப் போன ஒருவர் நின்று பார்த்தார். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியார். சொந்த முயற்சியில் ஒரு பேஸ்போல் அணியும் வைத்திருந்தார். மாமாவின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுத்த கிழமை வா என்று சொல்லிவிட்டுப் போனார்.

"பேஸ்போல் எண்டால் என்னடா?" என்று அம்மா கேட்டார்.

"கிரிக்கெட்டுத்தான் அக்கா. மட்டை மட்டும் உருண்டை."

மூன்று ஞாயிறு பயிற்சிக்குப் போய்வந்த பிறகு மாமாவுக்கு வேறு கதை இல்லை. குசினி நிலத்தில் நாலு சட்டி மூடிகளை நாலு மூலையில் வைத்து எங்களுக்கு விளக்கினார். அடித்துவிட்டு இந்த மூடிக்கு ஓட வேண்டும், பிறகு அந்த மூடிக்கு. சுற்றி முடித்து, வெளிக்கிட்ட மூடிக்கே வந்து சேர்ந்தால்தான் ஓர் ஓட்டம். அந்தக் கடைசி மூடிக்கு இத்தாலிக்காரர் வீடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

"வெளிக்கிட்ட இடத்துக்கே வாறதுக்கு ஏன்ரா இவ்வளவு ஓட்டம்?" என்றார் அம்மா. "இஞ்சாலை தள்ளு, நான் சோறு வடிக்கோணும்."

சேருவதற்குக் கழகத்தில் நூற்றிருபது யூரோ கட்ட வேண்டும். மாமாவிடம் இல்லை. அவரை இங்கே கொண்டுவந்து சேர்த்த கடனுக்கு அவருடைய சம்பளம் முழுக்க ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் காசு இருந்த ஒரே இடம் பிஸ்கட் பேணி. அதற்குள் சரியாக நூற்றிருபது யூரோ இருந்தது. எனக்கு நன்றாகத் தெரியும், ஒவ்வொரு கிழமையும் எண்ணிப் பார்ப்பேன். மே மாதம் எனக்கு முதல் நன்மை, கோயிலில் முதன்முறை நற்கருணை வாங்கும் நாள். அதற்குப் பெண்பிள்ளைகள் போடும் நீளமான வெள்ளைச் சட்டையின் காசு அது. சட்டை சந்தைத் தெருக் கடையின் கண்ணாடிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அது நிற்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

"அக்கா, இது கட்டுக்காசு மாதிரி," என்றார் மாமா. "ஒரு மட்ச் நல்லா அடிச்சுக் காட்டினால் ஒப்பந்த எழுத்து வைப்பினம். பிறகு சம்பளம். முதல் சம்பளத்திலையே பிள்ளையின்ரை காசைத் தந்திடுவன்."

எங்கள் வீட்டில் இதை நம்ப யாரும் கஷ்டப்படவில்லை. கீழே இருந்த தேநீர்க்கடைத் தொலைக்காட்சியில் ஒவ்வொரு நாளும் யாரோ ஒரு கால்பந்தாட்டக்காரனை எத்தனையோ மில்லியனுக்கு விற்றார்கள், வாங்கினார்கள். ஊர் அணி வென்றால் அன்றிரவு எங்கள் தெருவில் நித்திரை கிடையாது. "பந்தை உதைக்கிறவனுக்கே அவ்வளவு எண்டால், அடிக்கிறவனுக்குக் கொஞ்சமாவது குடுக்கமாட்டினமோ?" என்றார் அப்பா. அம்மா மாமாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேணியை எடுத்தார்.

அந்த நிமிடத்திலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாமா நல்லாய் அடிக்க வேண்டும். அடித்தால் எழுத்து, எழுத்தானால் சம்பளம், சம்பளம் வந்தால் சட்டை. இதில் ஒன்று பிசகினாலும் நான் பழைய பச்சைச் சட்டையோடு பீடத்துக்கு முன்னால் நிற்க வேண்டியதுதான். அந்த மட்சுக்கும் முதல் நன்மைக்கும் இடையில் மூன்று கிழமை.

மட்ச் நாள் காலையில் முதல் பிசகு வந்தது. சின்யோராவின் மகளுக்குக் காய்ச்சல். வரமாட்டார். சின்யோராவைத் தனியே விட ஏலாது. மாமா தலையில் கை வைத்துக்கொண்டு சின்யோரா வீட்டு வாசலில் இருந்தார். கடைசியில் சின்யோராவே தீர்ப்புச் சொன்னார்: "என்னையும் கூட்டிக்கொண்டு போ." வாத்தியாரின் பழைய வான் வண்டியில் சில்லுக்கதிரையை ஏற்றினோம். சின்யோரா செத்துப்போன புருஷனுடைய கால்பந்துச் சால்வையைக் கழுத்தில் சுற்றியிருந்தார். எந்த விளையாட்டுக்குப் போகிறோம் என்று அவருக்கு யாரும் தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை.

மைதானம் பெல்லெக்ரினோ மலையடியில் இருந்தது. மூன்று பக்கம் கம்பி வேலி, வேலிக்கு அப்பால் ஆரஞ்சுப் பழம் தொங்கும் தோடை மரங்கள். நான் சில்லுக்கதிரையின் பிரேக்கை மூன்று தடவை சரிபார்த்தேன். பந்து வந்து தம்பியின் தலையில் பட்டால் என்ன செய்வது என்று யோசித்து, அம்மாவின் கைப்பையைத் தூக்கி அவன் தலைக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

"கோல் கம்பம் எங்கே?" என்று சின்யோரா கேட்டார். இல்லை என்றேன். அவருக்கு முகம் விழுந்துபோனது.

அப்போதுதான் அம்மா என் காதுக்குள் சொன்னார்: "பிள்ளை, இவைக்கு மாசம் எவ்வளவு குடுக்கிறவை எண்டு சின்யோராவைக் கேள்."

அம்மாவுக்காக நான்தான் எல்லா இடத்திலும் இத்தாலியன் கதைப்பேன். பள்ளிக்கூடத்தில், டொக்டரிடம், வீட்டுக்காரனிடம். அம்மா இந்த ஊர் வீடுகளைப் பதினொரு வருடம் கூட்டித் துடைத்தவர், ஆனால் வாய் திறந்தால் "சீ சின்யோரா" என்பதற்கு மேல் வராது. நான் கேட்டேன். சின்யோரா சிசிலியப் பேச்சில், தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சிரித்துக்கொண்டு பதில் சொன்னார். இதற்கு யார் பிள்ளை காசு கொடுப்பான்? இந்த ஊரில் காலால் உதைத்தால்தான் காசு. இவங்கள் விளையாடுவதற்குத் தாங்களே காசு கட்டுகிறவர்கள். என் பேரனும் ஒரு வருடம் கட்டினான், மடையன்.

 அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னால் இந்த இடத்திலேயே, இத்தனை பேருக்கு முன்னால், மாமாவை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார் என்று நினைத்தேன். மாமா தூரத்தில், புதுச் சட்டையோடு, எங்களைப் பார்த்துக் கையசைத்தார்.

"நல்ல காசு குடுப்பினமாம்," என்றேன். "ஆனால் கொஞ்சம் சுணங்குமாம்."

"எவ்வளவு சுணங்கும்?"

"அது... ஆளைப் பொறுத்ததாம்."

"ம்," என்றார் அம்மா. மேற்கொண்டு கேட்கவில்லை. நான் கெட்டித்தனமாகச் சமாளித்துவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையில் கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் சின்யோராவைக் கேட்கவே தேவையில்லை. அங்கே டிக்கெட் இல்லை, வாசலில் காவல் இல்லை. பார்க்க வந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. எதிரணிக்காரன் ஒருவன் இடையில் வெளியே வந்து தன் மகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டுத் திரும்ப ஓடினான்.

மாமா முதல் முறை மூன்று தரம் வீசி, மூன்று தரமும் காற்றைத்தான் அடித்தார். இரண்டாம் முறை பந்து நேரே மேலே போய் ஒருவன் கைக்குள் விழுந்தது. நான் செபமாலையைச் சட்டைப் பைக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். கடைசி முறை வந்தபோது எங்கள் அணி ஓர் ஓட்டம் பின்னுக்கு நின்றது. முதல் மூலையில் எங்கள் ஆள் ஒருவன். மாமா அடித்தால் வெற்றி. ஆட்டமிழந்தால் எல்லாம் முடிந்தது.

அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. பந்து எதிரணிக்காரரின் தலைகளுக்கு மேலால் போய், வேலியைத் தாண்டி, தோடை மரங்களுக்குள் விழுந்தது. மைதானம் முழுக்க எழும்பி நின்றது. மாமா அசையவில்லை. மட்டையை வானத்துக்கு உயர்த்தினார், சிலுவை போட்டார். பிறகு கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆறுதலாக எங்களை நோக்கி நடந்து வந்தார்.

"கொர்ரி! கொர்ரி!" என்று வாத்தியார் தொண்டை கிழியக் கத்தினார். ஓடு, ஓடு என்று எல்லாரும் கத்தினார்கள். மாமா அவர்களுக்கும் நன்றியாகக் கையைக் காட்டினார். அம்மாவுக்கு முன்னால் வந்து, "பாத்தீங்களோ அக்கா?" என்றார். அவருக்குப் பின்னாலேயே தொந்தி வைத்த நடுவர் வந்து, மாமாவின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முஷ்டியை உயர்த்தினார். அவுட்.

"வேலிக்கு வெளியாலை போட்டுது! ஆறு அடிச்சவன் ஏன் ஓடோணும்?" என்று மாமா முதலில் தமிழில் கேட்டார், பிறகுதான் இத்தாலியனில். பயிற்சியில் யாரும் வேலிக்கு மேலால் அடித்ததில்லை. அடித்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எவ்வளவு தூரம் அடித்தாலும் நாலு மூலையையும் மிதித்து வந்தால்தான் கணக்காம். மிதிக்காமல் போனவன் அவுட்டாம், முதல் மூலையில் நின்றவன் ஓடி வந்ததும் கணக்கில்லையாம். தோற்றுப்போனோம்.

நான் அழுதேன். என் சட்டையும் அந்தப் பந்தோடு தோடை மரங்களுக்குள் போய்விட்டது. வாத்தியார் நிலத்தில் குந்தி, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவரும் அழுகிறார் என்று நினைத்தேன். தொப்பியை எடுத்தபோது பார்த்தால் சிரிப்பு. எதிரணிக்காரர்களுக்கும் அது தொற்றிவிட்டது. அவர்களில் ஒருவன், முகக் கம்பிக்கூட்டைக் கழற்றிக்கொண்டு வந்து, மாமாவின் முதுகில் தட்டிச் சொன்னான்: "இப்பவாவது ஓடு. அப்படி அடித்தவன் ஓடாமல் வீட்டுக்குப் போகக் கூடாது."

மாமா ஓடினார். இரண்டு அணியும் வழிவிட்டு நின்று கைதட்டியது. எந்தக் கணக்கிலும் சேராத ஓட்டம். முதல் மூலை, இரண்டாம் மூலை, மூன்றாம் மூலை. அம்மா எழும்பி நின்று, "ஓடு தம்பி, ஓடு!" என்று கத்தினார். அம்மா சிரிக்கும்போது வாயைக் கையால் மூடுவார். அன்று மூடவில்லை. அந்தச் சத்தத்தில் தம்பி எழும்பி அலறினான். ஆகவே கடைசியில் சாட்சி நாலு பேர்.

சின்யோரா என் கையைப் பிடித்து, "என் புருஷன் நாற்பது வருடம் காசு கொடுத்துப் பந்து பார்க்கப் போனான், இப்படி ஒன்று பார்த்திருக்கமாட்டான்" என்றார். நான் அம்மாவிடம், "சின்யோரா சொல்லுறா..." என்று தொடங்கினேன்.

"ஓம், ஓம்," என்றார் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மாமா அந்த வருடம் முழுக்க விளையாடினார். சம்பளம் வரவில்லை. கண்ணாடிக்குள் தொங்கிய சட்டையை வேறு யாரோ வாங்கினார்கள். சின்யோரா தன் மகளுடைய பழைய சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அம்மா அதைக் குறைத்துத் தைத்தார். பூச்சி உருண்டை மணம் போகவேயில்லை. முதல் நன்மைப் படத்தில் நான் கழுத்தைச் சொறிந்துகொண்டு நிற்கிறேன்.

பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டேன். இப்போது ஒரு ஹோட்டலில் இஸ்திரிப் பெட்டியால் படுக்கை விரிப்புகள் மினுக்குகிறேன். அம்மாவின் மருந்து, தம்பியின் பரீட்சை, வீட்டு வாடகை என்று பயப்பட எனக்கு ஒவ்வொரு நாளும் ஏதாவது கிடைக்கும். அந்தப் பொய்யும் வருடக்கணக்காக அந்தப் பட்டியலில் இருந்தது. அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார் என்ற பயம்.

போன மாரியில் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். வரிசையில் ஒரு பெண் எங்களை முந்தப் பார்த்தாள். நான் வாய் திறப்பதற்குள் அம்மா சிசிலியப் பேச்சில் அவளைப் பிடித்துக்கொண்டார். ஒரு சொல் தடக்கவில்லை. கதிரையில் வந்து இருந்த பிறகு கேட்டேன்.

"அம்மா, அண்டைக்கு மைதானத்திலை சின்யோரா சொன்னது உங்களுக்கு விளங்கினதோ?"

"விளங்காமல் என்ன? அவன் காசு கேக்கேக்கையே பாதி விளங்கினது. மிச்சத்தைக் கிழவி சொன்னா."

"பிறகேன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"நீங்கள் ரெண்டு பேரும் அவ்வளவு பாடுபட்டுப் பொய் சொல்லேக்க, நான் ஏன் குறுக்கை வரோணும்?" அம்மா கைப்பையைத் திறந்து மருந்துத் துண்டைத் தேடினார். "ரெண்டு வருசமா அவன்ரை முகத்தைப் பாத்தனான் பிள்ளை. கிழவியின்ரை மூத்திரச் சட்டியோடை காய்ஞ்சுபோய்க் கிடந்த முகம். பந்தைப் பற்றிக் கதைக்கேக்க மட்டும்தான் அது பொடியன்ரை முகம். உனக்குச் சட்டை எங்கையாவது கிடைக்கும் எண்டு எனக்குத் தெரியும்."

மாமாவுக்கு இப்போது கல்யாணமாகி, இதே ஊரில் அல்பெர்கேரியாவில் வீடு. ஞாயிறுகளில் மகனுக்குப் பந்து போட்டுக் கொடுக்கிறார், வேலிக்கு வெளியே போனாலும் ஓட வேண்டும் என்று முதலே சொல்லிவைத்திருக்கிறார். ஒவ்வொரு நத்தாருக்கும், கிறிஸ்து பிறந்த நாளன்று, ஒரு கடித உறைக்குள் காசை வைத்து அம்மாவிடம் நீட்டுவார். அம்மா உறையைத் திறந்து எண்ணுவார், திரும்ப ஒட்டுவார், அவர் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துவிடுவார்.

"முதல் சம்பளத்திலை தாறன் எண்டுதானே சொன்னனீ? கழகம் சம்பளம் தரட்டும். அதிலை எடுக்கிறன்."

கழகம் இன்னும் தரவில்லை. நூற்றிருபது யூரோ நிற்கிறது.