பழுப்பேறிய படிகம்

நேற்று திகாம் பத்து ஊர்ச் சாலையோரம் ஒரு லோரிக்கு ஆயுத பூசை நடந்தது. கற்பூரப் புகை கார் சன்னல் வழியே வந்தது. எனக்கு அந்த வாசனை பக்தியைத் தருவதில்லை. நான் முன்பு வேலை பார்த்த சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலை ஒன்றின் உலைக்கூடத்தைத்தான் தருகிறது.

அங்கே ஆக்சைடுத் தூளை உருக்கி, நிறமற்ற படிகங்களாக இழுத்தெடுப்போம். எனக்குச் சோதனை மேசை. பள்ளியில் வேதியியலில் தப்பிப் பிழைத்தவனுக்கு அந்த வேலை! படிகத்தில் எவ்வளவு ஒளி கடக்கிறது, மின்னழுத்தம் கொடுத்தால் எவ்வளவு ஆற்றல் வெப்பமாக வீணாகிறது என்று பார்ப்பேன். உலையை அணைப்பதே இல்லை. அதன் ஓரத்தில் எங்கள் சோற்று டப்பாக்கள் சூடேறும். உயர் தொழில்நுட்பம் சம்பல் வாசனையோடு நடந்தது.

தூள் கொட்டும் புனல் லெட்சுமி அக்காவின் பொறுப்பு. ஓர் ஆயுத பூசைக்கு அதன் வாயோரம் குங்குமத்தை அப்பியிருந்தார். சூப்பர்வைசர் பீட்டர் அண்ணன் கத்தோலிக்கர்; கேலிக்குக் கேட்கவா வேண்டும்?

"என்னா லெட்சுமி, மெஷினுக்குக் கல்யாணமா?"

"சிரிங்கண்ணே. போன வருஷம் வைக்காம விட்டோம், மோட்டார் எரிஞ்சிச்சில்ல? நீங்களும் ஒரு சிலுவை போடுங்கலா, கொறஞ்சா போயிடுவீங்க!"

புனல் ஓயாமல் அதிரும். அடுத்த படிகம் லேசான பழுப்பில் வந்தது. வெப்ப இழப்பும் கூடியிருந்தது. காரணம் இரும்பு அயனி. அதிர்வில் தூளோடு விழுந்த கடைக் குங்குமத்தின் சிவப்புச் சாயத்தில் இருந்த இரும்பு. இன்னொரு படிகம் கெட்டால் வேலை போய்விடும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். அவர் புனலைப் பளபளவென்று துடைத்தார்.

அடுத்ததும் பழுப்பு. தூளை உருக்கும் பாத்திரத்தை நாங்கள் காலி செய்வதில்லை. மிச்ச உருகலின் மேலேயே புதுத் தூளைப் போடுவோம். இரும்பு உள்ளேயே இருந்தது. அக்காவிடம் இதை விளக்கினேன். தலையாட்டினார்.

அதற்கடுத்த படிகம் முன்னதைவிடக் கருத்திருந்தது. பீட்டர் அண்ணன் புனலின் மூடியைக் கழற்றினார். யார் கண்ணிலும் படாத உட்பக்கத்தில், ஈரம் காயாத புதுக் குங்குமம்.

"தொடைச்சதுக்குத்தான் சாமிக்குக் கோவம்ணே," என்றார் அக்கா. "வேலை போயிடும்னு பயந்துதான்..."

அண்ணன் கேலி செய்யவில்லை. கைக்குட்டையால் துடைத்துவிட்டு என்னைப் பார்த்து, "நீ ஒன்னும் பாக்கலலா," என்றார்.

பயன் இல்லை. பாத்திரத்தைச் சுத்தம் செய்யவென்று மேலிடம் உலையை அணைத்தது. உருகல் இறுகும்போது உள்ளே படீரென்று ஒரு சத்தம். பாத்திரம் பிளந்துவிட்டது. அதன் விலைக்குப் பயந்து புதிது வாங்கவில்லை. அக்காவுக்கு மட்டும் என்று சொன்ன தண்டனை எங்கள் ஷிப்ட் முழுவதற்கும் வந்தது; எல்லாருக்கும் வேலை போனது.

இப்போது அங்கே டயர் கிடங்கு. உலை நின்ற தரையில் புது சிமெண்ட் பூசி, கோடு போட்டு, கார் நிறுத்துகிறார்கள்.