ஓடாத வண்டிக்கு எதற்கு ஆயில்

எனக்கு லைசென்ஸ் வந்த அடுத்த மாதம் கார் வாங்கினோம். இரண்டும் என் பெயரில்தான். சாவி மட்டும் கணவரிடம் இருந்தது.

அவர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுபவர். “எண்ணூர் ரோட்ல எவன் எப்டி ஓட்றான்னு எனக்குத் தெரியும். நீ எட்துகினு போனா முழுசா வூடு வந்து சேர மாட்டே” என்பார். முதல் வருடம் அதை அக்கறை என்றே நினைத்தேன்.

திருவொற்றியூரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. வாசலில் கார் கவர் போட்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கவரை எடுப்பார், ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் விடுவார், அணைத்துவிட்டு மறுபடி மூடுவார். அந்தப் பத்து நிமிடமும் நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பேன்.

வண்டியோடு வந்த புத்தகத்தை வீட்டில் நான் ஒருத்திதான் படித்தேன். பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது இன்ஜின் ஆயிலை மாற்ற வேண்டும் என்று போட்டிருந்தது. எங்கள் வண்டிக்கு மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒருமுறைகூட மாற்றவில்லை. பக்கத்தைத் திறந்து அவரிடம் காட்டினேன்.

“ஓடாத வண்டிக்கு இன்னாத்துக்குமே ஆயிலு? இருபது வருசமா ஸ்டியரிங் புடிக்கிறேன். நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா?”

புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். சண்டைக்கு அஞ்சி நான் மூடிவைத்தவை அந்த வீட்டில் நிறைய.

பிறகு ஒரு நாள், பெரம்பூரில் இருக்கும் என் தங்கைக்குக் காலில் கட்டு, ஸ்கேன் எடுக்க அழைத்துப் போக ஆள் இல்லை. கணவர் ஆந்திரப் பக்கம் லோடு ஏற்றிப் போயிருந்தார். சாவியை அலமாரியிலிருந்த அவருடைய சட்டைப் பையில் கண்டெடுத்தேன். கவரை எடுத்து ஸ்டார்ட் செய்தேன். எண்ணூர் ரோட்டில் நானே ஓட்டினேன். ட்ரெய்லர்கள் இரண்டு பக்கமும் மலைபோல நின்றன. ஒருவரும் என்னை இடிக்கவில்லை.

கொருக்குப்பேட்டை அருகே டாஷ்போர்டில் ஆயில் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிந்தது. எரிந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்று படித்தது நினைவிருந்தது. ஓரங்கட்டி அணைத்தேன். தெரிந்த மெக்கானிக்குக்கு போன் செய்தேன். அவர் வந்து ஆயில் மூடியைத் திறந்தார். மூடியின் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் ஏதோ கொழகொழவென்று அப்பியிருந்தது. வண்டி எப்படி ஓடியது என்று கேட்டார், ஞாயிற்றுக்கிழமைப் பத்து நிமிடத்தைச் சொன்னேன்.

“யக்கா, பத்து நிமிசம் ஓட வுட்டு ஓட வுட்டு ஆஃப் பண்ணா இன்ஜின் சூடே ஏறாது. உள்ள தண்ணி வேர்த்து ஆயில்ல கலந்துரும். ஓடுதோ இல்லியோ, வருசத்துக்கு ஒருதபா மாத்தியே ஆவணும். இது சேறாயி அடச்சிகினு கீது. நல்லவேள, நீ ஒடனே நிறுத்திட்டே. இன்ஜின் தப்பிச்சிது.”

வண்டியைக் கட்டி இழுத்துப் போனார்கள். தங்கை ஆட்டோவில் தனியாகவே போய் வந்தாள்.

இரண்டு நாள் கழித்து ஊர் திரும்பிய கணவரோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். என்னிடம் சொன்னதையே மெக்கானிக் அவரிடமும் சொன்னார்.

“நீ வேலையப் பாரு மாமு. மூணு வருசமா நல்லா இருந்த வண்டி. ஒரே நாள்ல காலி பண்ட்டா” என்றார் கணவர்.

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மெக்கானிக் வேறு ஸ்பானர் தேடுவதுபோல உள்ளே போய்விட்டார்.

இன்ஜினைக் கழுவி, புது ஆயில் ஊற்றிக் கொடுத்தார்கள். இப்போது வருடா வருடம் கணவரே ஆயில் மாற்றுகிறார். அதைத் தானே கண்டுபிடித்ததுபோல தோஸ்துகளுக்கு அறிவுரையும் சொல்கிறார்.

போன மாதம் அவருடைய அண்ணன் பேத்திக்குக் காது குத்தினார்கள். பந்தியில் உட்கார்ந்து, நான் இன்ஜினைக் கெடுத்த கதையை நடித்தே காட்டினார். சிவப்பு விளக்கைப் பார்த்து நான் அழுதேனாம். வரிசையே சிரித்தது. உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். என் தங்கையும் அங்கேதான் இருந்தாள், நான் பேசுவேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். அவள் இலையை மூடிவிட்டு எழுந்து போனாள்.