அடுத்தவன் மேல் ஏற்றிய பாரம்

கம்பம் மெட்டு ரோட்டில் ஜீப் கவிழ்ந்த செய்தி ஊருக்குள் வந்தபோது எல்லோரும் முதலில் விசாரித்தது ராமுத்தாயைத்தான். அவள்தான் கங்காணி. கம்பத்திலிருந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போவாள். வேலை வாங்கி, பொழுது சாய்வதற்குள் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பாள். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தும் யாரிடமும் பணிந்து போகாமல் பிழைத்தவள். அவள் குரலுக்கு மலையில் ஆம்பளைகளே பயப்படுவார்கள்.

அது 1973, ஐப்பசி மாதம். காய்ப் பறிப்பு உச்சத்தில் இருந்தது. அன்று மதியத்திலிருந்தே மழை. வழக்கமாக வரும் இரண்டு ஜீப்பில் ஒன்று வரவில்லை. டிரைவர் கர்ணனின் ஜீப் மட்டும் தோட்டத்து வாசலில் நின்றது. பெண்கள் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

கர்ணன் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். "அக்கா, பிரேக்கு மிதிச்சா அடி வரைக்கும் போகுது. பாதிப் பேரை மெதுவா இறக்கி விட்டுட்டு, கம்பத்துல சரி பண்ணிட்டுத் திரும்ப வாரேன்."

"நீ எப்ப வந்து எப்ப எறக்குறது? கைப்பிள்ளைய வீட்டுல போட்டுட்டு வந்தவளுக நிக்கிறாளுக. எல்லாத்தையும் ஏத்து."

"வேணாங்க்கா. எறக்கத்துல வண்டி நிக்காது."

"ஓட்டப் பயமா இருந்தாச் சொல்லு. நாளையிலருந்து வேற வண்டி பாத்துக்கிறேன்."

கர்ணன் போய் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தான். பெண்கள் ஒருத்தி மடியில் ஒருத்தியாக ஏறினார்கள். கடைசியாக நின்றவள் மலையம்மாள், ராமுத்தாயின் கூடப் பிறந்த தங்கச்சி. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "எடமே இல்லக்கா, நான் வேற வண்டி கிடைச்சா வாரேன்" என்றாள். ராமுத்தாய் அவள் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளிவிட்டு, முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

பாதி இறக்கத்தில் வண்டி கை மீறியது. கர்ணன் பாறைப் பக்கம் ஒடித்துப் பார்த்தான். ஜீப் பாறையில் உரசித் திரும்பி எதிர்ப்பக்கம் பாய்ந்தது. ராமுத்தாய் உண்ணிப் புதரில் போய் விழுந்தாள். தோள் எலும்பு முறிந்ததோடு அவளுக்குப் போயிற்று. கர்ணனுக்கு இடுப்பு நொறுங்கியது. கீழே பள்ளத்திலிருந்து ஐந்து பெண்களைப் பிணமாகத் தூக்கி வந்தார்கள். அதில் ஒருத்தி மலையம்மாள்.

ஆஸ்பத்திரிக்கு இன்ஸ்பெக்டர் வந்து விசாரித்தபோது மலையம்மாளின் புருஷன் அம்மாவாசி கட்டிலோரத்தில் நின்றுகொண்டிருந்தான். அழுது அழுது அவன் முகம் வீங்கிக் கிடந்தது.

"இத்தனை பேரை ஏத்தினது யாரு?"

ராமுத்தாய் அம்மாவாசியின் முகத்தைப் பார்த்தாள். "டிரைவருதாங்கய்யா."

"பிரேக் சரியில்லைன்னு உங்கிட்டச் சொன்னதா சொல்றானே?"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை."

சொன்னது அவ்வளவுதான். அதையே பிறகு கோர்ட்டில் கூண்டேறியும் சொன்னாள். கர்ணன் நடந்ததை நடந்தபடி சொன்னான். செத்தவளின் அக்காளே எதிர்த்துச் சாட்சி சொல்லும்போது ஒரு டிரைவரின் பேச்சு எடுபடவில்லை. பிழைத்த பெண்கள் அந்நேரம் மழைக்குச் சாக்கைப் போர்த்தி ஒதுங்கி நின்றவர்கள்; பிறகு வண்டிக்குள் நெருக்கியடித்துக் கிடந்ததில் மலையம்மாளைத் தள்ளியதையும் பார்க்கவில்லை. தனியாக நடந்த பேச்சு அவர்கள் காதில் விழவில்லை. கர்ணனுக்கு இரண்டு வருஷம் தண்டனை கிடைத்தது. ராமுத்தாய் மீது எந்தக் குற்றமும் இல்லை என்று ஆயிற்று. தீர்ப்பு முடிந்து கூண்டை விட்டு இறங்கும்போது கர்ணன் தன்னைத் திட்டுவான் என்று ராமுத்தாய் எதிர்பார்த்தாள். அவன் கம்பை ஊன்றி ஊன்றிப் போலீஸ்காரன் பின்னால் போனான்.

அதன்பிறகு அவள் மலைக்குப் போகவில்லை. ஊர் அவளைத் தாங்கியது. தங்கச்சியைப் பறிகொடுத்தவள் என்று தண்ணீர்க் குழாயில் வழி விட்டார்கள். அம்மாவாசி வாரம் தவறாமல் வந்து எட்டிப் பார்த்தான். "நீங்க என்ன செய்வீக மதினி, அவ விதி அம்புட்டுத்தான்" என்பான். அவன் போனபிறகு கதவைச் சாத்திக்கொள்வாள். கண்ணை மூடினால் தள்ளிவிட்ட கையில் தங்கச்சியின் முதுகு தட்டுப்படும். ரவிக்கையின் ஈரம்கூடத் தெரியும்.

வீரபாண்டித் திருவிழாவில் தீச்சட்டி எடுத்தாள். மறுவருஷமும் எடுத்தாள். உள்ளங்கை பொரிந்துபோயிற்று. அம்மனைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. வாய்க்குள் பொய்யை வைத்துக்கொண்டு கையில் நெருப்பை ஏந்தி என்ன செய்ய, என்று கூட்டத்தின் நடுவிலேயே தோன்றியது. பாதியில் இறக்கி வைக்கவும் முடியாமல் கோயில் வரைக்கும் நடந்தாள்.

கம்பத்தில் இருக்க முடியாமல் போடிக்குப் போனாள். அங்கே ஏலக்காய்க் கிட்டங்கி ஒன்றில் தரம் பிரிக்கும் வேலை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பச்சைக் காயை ஒருபக்கமும் வெளுத்ததை ஒருபக்கமும் ஒதுக்குவார்கள். கிட்டங்கிக்காரர் வீட்டம்மாள் கிருபையம்மாள், கிறிஸ்தவச்சி. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சின்ன ஜெபம் செய்வாள். இஷ்டப்பட்டவர்கள் இருக்கலாம், மற்றவர்கள் எழுந்து போகலாம். ராமுத்தாய் எழுந்து போகிறவர்களில் ஒருத்தி.

ஒருநாள் மழைக்கு வெளியே போக முடியாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். அன்று சபை உபதேசியார் குருபாதம் வந்திருந்தார். நோஞ்சான் உடம்பு. சத்தம் போட்டுப் பேசவும் தெரியாது.

"கடவுள் முன்னால நாம எல்லாரும் குத்தவாளிகதான்" என்றார். "நல்லது செஞ்சு அதைச் சரிக்கட்ட முடியாது. ஆனா நமக்கு வரவேண்டிய தண்டனையை இயேசு சாமி தம்மேல வாங்கிக்கிட்டாரு. அதை நம்பி வாரவனை ஆண்டவர் நீதிமான்னு தீர்ப்புச் சொல்றாரு. அவன் நல்லவன்கிறதுக்காக இல்ல. அவனுக்குப் பதிலா ஒருத்தர் பட்டுட்டாருங்கிறதுக்காக."

ராமுத்தாய்க்கு உடம்பெல்லாம் எரிந்தது. கையிலிருந்த காயைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்தாள்.

"இது நல்லா இருக்கே" என்றாள். "ஒருத்தன் செய்வான், இன்னொருத்தன் தண்டனை வாங்குவான், செஞ்சவன் நல்லவனா வீட்டுக்குப் போவான். இந்தத் தீர்ப்பை நான் கோர்ட்டுலயே பாத்துட்டேன்யா. அதுல ஒரு மண்ணும் கிடையாது."

மழையில் நனைந்தபடி வெளியே போய்விட்டாள். மறுநாள் வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தாள். கிருபையம்மாள் அவளைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டுக் கல்லில் உட்காரச் சொன்னாள்.

"யாரும்மா உனக்காகத் தண்டனை வாங்கினது?"

ராமுத்தாய் கல்லில் உட்கார்ந்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கர்ணன் சொன்னது, தான் மிரட்டியது, தங்கச்சியைத் தள்ளியது, அம்மாவாசியின் முகம் பார்த்துப் பொய் சொன்னது. கிருபையம்மாள் ஆறுதல் ஏதும் சொல்லவில்லை. 

"அந்தப் பையன் மேல நீ ஏத்தி வச்ச" என்றாள் கடைசியில். "அவன் கேக்கலை. அவனுக்கு அது அநியாயம். அதனாலதான் உனக்கு அதுல நிம்மதி இல்ல. ஆண்டவர் மேல யாரும் ஏத்தி வைக்கலை, ராமுத்தாயி. அவரு தானா வந்து தோள் குடுத்தாரு. ஆனா ஒண்ணு. நான்தான் செஞ்சேன்னு ஒத்துக்கிட்டவளுக்குத்தான் அந்தத் தீர்ப்பு. செய்யலைன்னு சாதிக்கிறவளுக்கு அங்கன என்ன வேலை?"

அன்றைக்கே அவள் மாறிவிடவில்லை. மாதக்கணக்கில் அந்தப் பேச்சு உள்ளே கிடந்து அறுத்தது. ஜெபத்துக்கு எழுந்து போகாமல் உட்கார்ந்தாள். கண்ணை மூட மாட்டாள். அந்த வருஷம் பறிப்பு முடிந்த சமயம், காய் பிரித்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் இருந்தவளுக்குக்கூடக் கேட்காமல் முணுமுணுத்தாள்: "சாமி, நான்தான் ஏத்தினேன். நான்தான் தள்ளினேன். கர்ணன் மேல குத்தம் இல்ல. என்னைய என்ன செய்யணுமோ செய்யி."

வெளிச்சம் எதுவும் வரவில்லை. பயம் மட்டும் விட்டுப்போயிருந்தது. தீர்ப்பு இனிமேல்தான் வரப்போகிறது என்று இத்தனை காலம் நடுங்கிக்கொண்டிருந்தவளுக்கு, அது சொல்லி முடிந்துவிட்டது போலிருந்தது. அதுவும் தனக்குச் சாதகமாக. அது எப்படி என்று அவளுக்கு விளங்கவில்லை. தட்டில் குனிந்து அழுதாள். அன்றைக்குத் தூங்கினாள். தங்கச்சியின் முதுகு கையில் தட்டுப்படத்தான் செய்தது. ஆனால் இப்போது அவளுக்காக அழ முடிந்தது. அதற்கு முன்னால் தனக்காகப் பயப்படவே நேரம் சரியாக இருந்தது.

தூங்கி எழுந்ததும் அடுத்தது தெரிந்துவிட்டது. இனிக் காப்பாற்றிக்கொள்ள அவளிடம் ஒன்றுமில்லை. கம்பத்துக்குப் பஸ் ஏறினாள்.

கர்ணன் தண்டனை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தான். ஜெயிலுக்குப் போகும்போது இடுப்பு மட்டும்தான் போயிருந்தது. வரும்போது நெஞ்சிலும் நோவு. இருமி இருமி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் பெண்டாட்டி ஜக்கம்மா கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

ராமுத்தாய் வாசலிலேயே மண்ணில் உட்கார்ந்தாள். "கர்ணா, நீ சொன்னதுதான் நெசம். நான் பொய் சொன்னேன்."

"எனக்குத் தெரியாததையா சொல்ல வந்தீக?" என்றான் கர்ணன்.

"மன்னிச்சிருன்னு கேக்க எனக்கு வாய் இல்ல."

"அப்பக் கேக்காதீக." இருமல் அடங்கும் வரை காத்திருந்து சொன்னான். "உங்க முகம் தெளிஞ்சிருக்கு. எங்கனயோ போய் எறக்கி வச்சுட்டு வந்திருக்கீக. நல்லா இருங்க. நான் எதை எங்கன எறக்கி வைக்க? நெஞ்சைக் கழட்டியா வைக்க முடியும்?"

ஜக்கம்மா கஞ்சிச் செம்பைக் கீழே வைத்தாள். "இங்கன உக்காந்து சொல்லாதீக. ஊருக்குள்ள போய்ச் சொல்லுங்க."

ராமுத்தாய் போனாள். செத்த பெண்களின் வீடு ஒவ்வொன்றாக ஏறிச் சொன்னாள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் விளக்குமாற்றால் அடித்தார்கள். அவள் கையால் தடுக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனாள். "கேசு எப்பவோ முடிஞ்சது. இப்ப வந்து எதுக்கும்மா உயிரை வாங்குற?" என்று ஏட்டு அனுப்பிவிட்டார்.

அம்மாவாசியின் வீட்டை அவள் கடைசியாகத்தான் மிதித்தாள். அவன் முழுக்கக் கேட்டான்.

"அவ ஏறமாட்டேன்னு சொன்னாளா?"

"சொன்னா."

"நீங்க தள்ளுனீகளா?"

"ஆமா."

அவன் உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சாகும்வரை அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

கர்ணன் அடுத்த ஆண்டு இறந்துபோனான். ராமுத்தாய் போனபோது ஜக்கம்மா அவன் முகத்தைப் பார்க்க விடவில்லை. ராமுத்தாய் கேட்ட தண்டனையை யாரும் கொடுக்கவில்லை. கேட்காத மன்னிப்பும் கிடைக்கவில்லை. போடியில் ஞானஸ்நானம் எடுத்த அன்று கம்பத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. குற்றத்தை மறைக்க மதம் மாறினாள் என்று பேசினார்கள். அவள் மறுத்துப் பேசவில்லை.

ஒருமுறை கிருபையம்மாள் கேட்டாள். "சமாதானமா இருக்கியா, ராமுத்தாயி?"

"ஆண்டவரோட சமாதானந்தான்மா. மனுசரோட இல்ல."

"அது போதுமா?"

ராமுத்தாய் யோசித்தாள். "போதலம்மா. ஆனா அது இல்லாட்டி, இதைத் தாங்கிக்கிட்டு உசுரோட இருந்திருக்க மாட்டேன். முன்னாடி சாமி இருக்கிற பக்கமே திரும்ப முடியாது. இப்ப வேலைக்கு நடுவுல கூடப் பேசலாம். கர்ணனை அங்கன பாப்பேனோ என்னவோ. பாத்தா என்ன சொல்றதுன்னு தெரியலை. பாக்கணும்னு மட்டும் ஆசை இருக்கு."

தினமும் காலையில் ஐந்து பெண்களின் பெயரையும், கர்ணன் பெயரையும், ஜக்கம்மா பெயரையும் சொல்லி ஜெபித்துவிட்டுத்தான் வேலைக்கு உட்காருவாள்.

வருஷங்கள் கழிந்தன. 1984 வாக்கில் ஒரு மத்தியானம், தேனி பஸ் ஸ்டாண்டில் கம்பம் பஸ்ஸுக்காகக் காத்திருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. அதே பெஞ்சில் யாரோ ஒருத்தி வந்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். திரும்பிப் பார்த்தால் ஜக்கம்மா.

முன்பெல்லாம் ராமுத்தாய் எழுந்து கூட்டத்துக்குள் மறைந்திருப்பாள். இப்போது உட்கார்ந்தே இருந்தாள். ஜக்கம்மா திட்டட்டும், துப்பட்டும், எதையாவது கேட்கட்டும் என்று முகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். ஜக்கம்மா அந்த முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.  பையை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

பஸ் வந்தது. ஜக்கம்மா முன்படியில் ஏறினாள். ராமுத்தாய் பின்படியில் ஏறி, இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கம்பம் வரைக்கும் நின்றுகொண்டே போனாள்.