துவையலுக்கு மட்டும் நிற்கும் மிக்சி

மிக்சி பழுதுபார்க்கிறவன் காலை ஒன்பதரைக்குக் கடை திறக்கிறான். மிக்சிகள் எல்லாம் ஆறு மணிக்கே நின்றுவிடுகின்றன. இடையிலுள்ள மூன்றரை மணி நேரத்தில் ஒரு வீட்டுக்குள் என்னென்ன பேச்சு நடக்கும் என்பதை, பாதி அரைபட்ட தேங்காயைக் கரண்டியால் கிண்டிக்கொண்டு நின்ற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பேச்சின் மிச்சம்தான் ஒன்பதரைக்கு என்னிடம் வரும்.

சாத்தூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் என் கடை. வீட்டுக்கு வீடு அரசாங்க டிவி வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. மிக்சியைச் சொந்தக் காசில்தான் வாங்க வேண்டும். ஆகவே அது நின்றால் யாரும் சும்மா விட்டுவிட மாட்டார்கள்.

கெட்டி

ஏழாயிரம்பண்ணையிலிருந்து பொன்னுத்தாய் என்பவர் கட்டைப்பையில் மிக்சியோடு வந்தார். முப்பது வயதிருக்கும். "அரைக்கையில பாதியில நின்னு போகுது. எனக்குக் கெட்டியா வேணும் அண்ணாச்சி" என்றார். எதைச் சரிபார்க்கக் கொடுத்தாலும் 'கெட்டியா இருக்கணும்' என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. நான் திருகாணிகளை எல்லாம் இறுக்கினேன். மோட்டாரையும் ஜாரையும் கவ்வுகிற கப்ளர் தேய்ந்திருந்தது, புதிது போட்டேன். இனி யானை மிதித்தாலும் அசையாது என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.

நான்காம் நாள் அவர் திரும்பி வந்தார். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கதையை அப்போதுதான் கேட்டேன். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். வெடிமருந்துத் தூசி ஒத்துக்கொள்ளாமல் மூச்சு இழுக்கத் தொடங்கியதால் நின்றுவிட்டார். இப்போது கம்பெனி வேனில் போகும் பன்னிரண்டு பெண்களுக்கு, மத்தியானச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள, தினமும் துவையல் அரைத்துப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார். தண்ணீர் விட்டு அரைத்தால் வேன் குலுக்கலில் ஒழுகிவிடும். மத்தியானத்துக்குள் புளித்தும் போகும். அதனால்தான் கெட்டி. போன வாரத்தில் மட்டும் மூன்று நாள் வேன் வந்து நின்றபோது துவையல் ஆகவில்லை. இன்னும் ஓரிரு தடவை இப்படி ஆனால் அந்தப் பெண்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்வார்கள்; பொன்னுத்தாய் அதே வேனில் ஏறி அதே தூசிக்குத் திரும்ப வேண்டும். இவ்வளவையும் நிதானமாகச் சொன்னவர், நான் இறுக்கி வைத்த திருகாணிகளைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார்.

"மிக்சி கெட்டியா இருந்து நான் என்ன செய்ய? தொவையல்லா கெட்டியா இருக்கணும்!"

தண்ணீர்ச் சோதனை

மோட்டாரைத் திறந்து பார்த்தேன். கம்பிச்சுருளில் கருகல் வாடை இல்லை. சுற்றுகிற பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கிற இரண்டு கார்பன் துண்டுகள் கொஞ்சம் தேய்ந்திருந்தன. அவற்றையும் மாற்றினேன். பிறகு இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற சோதனையைச் செய்தேன்: ஜாரில் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி ஓட விடுவது. ஐந்து நிமிடம் ஒரு முனகல் இல்லாமல் ஓடியது. "பாத்துக்கிடுங்கம்மா, ஒரு குறையும் இல்ல" என்று சொல்லி, கூடவே ஒரு யோசனையும் சொன்னேன். ஒரு கை தண்ணீர் மட்டும் தெளித்து அரைத்தால் என்ன?

பொன்னுத்தாய் ஜாருக்குள் சுழலும் தண்ணீரை எட்டிப் பார்த்தார். பிறகு முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்.

"நல்லாத்தான் அரைபடுது அண்ணாச்சி. இதையே பன்னெண்டு பொட்டலமாக் கட்டிக் குடுத்துருங்க, நான் கொண்டு போயிருதேன்."

காது கொடுத்தது

அதே வாரம் மல்லாங்கிணற்றில் விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. ஊற வைத்த பருத்திவிதையை அரைத்துப் பால் எடுக்கிற வீடு. அவர்கள் மிக்சி ஓடும், ஆனால் விதை அரைபடாது. மோட்டாருக்குப் பலம் போதவில்லை என்று என் தீர்ப்பைச் சொன்னேன். அந்த வீட்டு அம்மாள் மிக்சியைப் போட்டுவிட்டு, என்னைச் சும்மா நிற்கச் சொன்னார். முதலில் சத்தம் கனமாக இருந்தது. சிறிது நேரத்தில் கீச்சென்று மேலே ஏறியது. உடனே நிறுத்தி மூடியைத் திறந்தார்.

கத்தியைச் சுற்றி ஒரு குழி விழுந்திருந்தது. விதையெல்லாம் விலகி ஜாரின் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தி வெறும் காற்றில் சுற்றியிருக்கிறது. வேலை இருக்கும்போது கனத்த குரல், வேலை இல்லாதபோது கீச்சுக் குரல். இத்தனை வருடம் மிக்சியோடு இருந்தும் அந்த வித்தியாசத்தை நான் கவனித்ததில்லை. ஜாரைத் தட்டி விதையைக் கீழே இறக்கிக்கொண்டே அவர் சொன்னார்.

"மோட்டார் பாவம், கத்துது. நீங்கதான் அண்ணே திருப்புளிய வச்சுக்கிட்டு அது வாயத் தேடுதீக."

ஃபியூஸ் கட்டை

கடையில் ஓடும் மிக்சி வீட்டில் நிற்கிறது என்றால், வீட்டைத்தான் போய்ப் பார்க்க வேண்டும். பொன்னுத்தாய் மூன்றாவது தடவை கடைக்கு வந்தபோது, அவர் பையை இறக்குவதற்கு முன்பே, நாளைக்கு நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் முதல் பஸ்ஸில் ஏழாயிரம்பண்ணைக்குப் போய் இறங்கியபோது மணி ஆறு. வேன் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. முன்னறையில் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார்கள். பொன்னுத்தாயின் கணவர் கருப்பசாமி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அதே கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் வேலை, அதே வேனில்தான் போவார்.

அடுப்படியில் மிக்சி ஓடத் தொடங்கியது. பெரிய ஜார், அதில் கழுத்துவரை தேங்காயும் மிளகாயும் பொரிகடலையும் புளியும். சத்தம் கனத்தது, பிறகு முனகியது. தலை சீவிக்கொண்டிருந்த கருப்பசாமி கதவிடுக்கு வழியாக அடுப்படியை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, முன்னறைச் சுவரில் அடுப்படிப் பிளக்குக்கு மட்டும் இருந்த ஃபியூஸ் கட்டையை உருவினார். மிக்சி நின்றது. உள்ளேயிருந்து "பாத்தீகளா அண்ணாச்சி, நின்னு போச்சு!" என்று பொன்னுத்தாய் கத்தினார். அவர் கணவர் ஃபியூஸ் கட்டையும் கையுமாக அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அதற்குமேல் ஒளிக்க ஒன்றும் இல்லாததால் அவரே சொன்னார். முனகும்போது மிக்சியின் காற்றுத் துளைக்குள் பொறி பறக்கிறது. பொறியைப் பார்த்தால் கை தானாகப் போகிறது. கொஞ்சம் ஆறிய பிறகு சத்தமில்லாமல் கட்டையைச் செருகிவிடுவாராம். மனைவியிடம் சொல்ல வெட்கம். விஷயம் தெரிந்து பொன்னுத்தாய் கரண்டியோடு வெளியே வந்தார். "நாளெல்லாம் மருந்துக்குள்ள கெடக்க மனுசன், தொவையலுக்குப் பயந்து ஃபியூஸப் புடுங்கியிருக்கீகளே! நான் இந்த மிக்சியத் தூக்கிக்கிட்டுச் சாத்தூருக்கு எத்தன நட நடந்தேன்!" அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. கருப்பசாமி தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"அங்கன பொறி வராது, பொன்னுத்தாயி. இங்கனல்லா வருது."

ஆறு கூறு

பொறி ஏன் வருகிறது என்று அவருக்கு விளக்கினேன். கெட்டியான சரக்கு கத்தியைப் பிடித்துக்கொள்கிறது, மோட்டார் திணறுகிறது, கார்பன் துண்டுகளில் பொறி பெரிதாகிறது. கேட்டவர் அடுப்படிக்குள் போய் ஜாரை எட்டிப் பார்த்தார். "இம்புட்டையும் ஒரே தடவையிலயா போடுத?" என்றார் மனைவியிடம். அவருடைய அறையில் ஒரு தடவைக்கு இவ்வளவுதான் கலக்க வேண்டும் என்று அளவு உண்டாம். மிச்ச மருந்து அறைக்குள்ளேயே இருக்கக் கூடாது. "பிரிச்சுப் பிரிச்சு அரைச்சா வேன் போயிரும்" என்றார் பொன்னுத்தாய். அவருடைய பயமும் நியாயம்தான். பெரிய ஜாரில் ஒரே தடவையாகப் போட்டதே நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான். அப்போது மணி ஆறே கால்.

சரக்கைத் தாம்பாளத்தில் கொட்டினோம். கருப்பசாமி கையாலேயே ஆறு கூறு வைத்தார். ஒன்றுக்கொன்று ஒரு சிட்டிகை கூட வித்தியாசம் இல்லை. ஃபியூஸ் கட்டையைத் திரும்பச் செருகிவிட்டு, சின்ன ஜாரை எடுத்தோம். மிளகாயும் கடலையும் புளியும் ஏற்கெனவே தேங்காயோடு கலந்துவிட்டதால், நாளையிலிருந்து காய்ந்தவற்றை முதலில் பொடித்துக்கொண்டு அதன் பிறகே தேங்காயைப் போட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். மிக்சியைத் தொடர்ந்து ஓட விடாமல், வேகக் குமிழை இடப்பக்கம் இரண்டு விநாடி திருப்பிப் பிடித்து விடச் சொன்னேன். சத்தம் கீச்சென்று ஏறினால் நிறுத்தி, ஜாரைத் தட்டிக் குழியை மூட வேண்டும். கருப்பசாமியைத் துளைக்குள் பார்க்கச் சொன்னேன். உள்ளே நீலமாகச் சின்னப் பொறி. "இது எப்பவும் இருக்கும். மஞ்சளா நீளமாப் பறந்தா மட்டும் நிறுத்துங்க" என்றேன். அவர் தலையாட்டினார். ஆனாலும் போய் ஃபியூஸ் கட்டை இருந்த சுவரோரமே நின்றுகொண்டார்.

முதல் கூறு இரண்டு நிமிடத்தில் இறங்கியது. தேங்காய் தெரிகிற, உருட்டினால் உருளுகிற கெட்டித் துவையல். ஆனால் ஒவ்வொரு கூறுக்கும் ஜாரைச் சுரண்டி எடுக்க வேண்டும், நடுவில் பொட்டலமும் கட்ட வேண்டும். ஐந்தாவது முடியும்போதே தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது. மூன்றாம் ஹாரனுக்கு மேல் டிரைவர் நிற்க மாட்டார். கருப்பசாமி வெளியே போனார். "துண்டக் காணோம், இருங்கப்பா" என்று தெருவில் நின்று சொன்னார். துண்டு அவர் தோளில் கிடந்தது. டிரைவர் அதைச் சுட்டிக்காட்டியதும், "இது இல்ல, இன்னொண்ணு" என்றார். அதற்குள் ஆறாவது கூறும் அரைபட்டுவிட்டது.

பன்னிரண்டு பொட்டலமும் ஜன்னல் வழியாக உள்ளே போயின. வேன் வாயிலருகே உட்கார்ந்திருந்த ஒரு பெண் அங்கேயே தன் பொட்டலத்தைப் பிரித்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அவருக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. பொன்னுத்தாய் முன்பு உட்கார்ந்து போன இடம் என்று பிறகு சொன்னார்கள். அந்தப் பெண் தன் தூக்குச்சட்டியை எடுத்து அந்த இடத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"ஏ பொன்னு, இனிமே ஒனக்கு இங்க எடமில்லடி, போயி நாளைக்கு அரைக்கிறதுக்குத் தேங்கா பாரு!"

இப்போதெல்லாம் யார் மிக்சி கொண்டுவந்தாலும், திருப்புளியை எடுப்பதற்கு முன் "ஒரு தடவைக்கு எம்புட்டு போடுவீக?" என்றுதான் கேட்கிறேன், பாதிப் பேர் கோபித்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் திருகாணியை இறுக்கித் தருகிற அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்.