கடைமாடியில் விரித்த டென்ட்

டென்ட் வாங்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது எனக்கு வந்தது கோபம்தான். பக்கவாதம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இடது கால் இன்னும் தரையைத் தேய்த்துக்கொண்டுதான் வருகிறது. இந்த லட்சணத்தில் மனுஷருக்கு மலையில் போய்த் தரையில் படுக்க வேண்டுமாம்.

"ரூம் எடுத்துத் தங்குவோம். கட்டிலு, சுடுதண்ணி எல்லாம் இருக்கும்" என்றேன்.

"கட்டில்ல படுக்க மலைக்கு எதுக்குப் போகணும்? கட்டிலு நம்ம வீட்டுலயே கெடக்கு" என்றார்.

ராயப்பன்பட்டிப் பக்கம் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். அறுப்பு முடிந்து, அடுத்த கவாத்து வெட்டுவதற்கு முன் கொடிக்குச் சில நாள் ஓய்வு விடுவோம். அந்தக் காலத்தில் கொடிக்கு விட்ட ஓய்வை நாங்களும் எடுத்துக்கொள்வோம். பைக்கில் டென்ட்டைக் கட்டிக்கொண்டு போடிமெட்டுக்கு மேலே, தெரிந்தவரின் ஏலத்தோட்டத்து ஓரமாகப் போய்த் தங்குவோம். ஒரு பாய், ஒரு போர்வை, கஞ்சி வைக்க ஒரு சட்டி, அவ்வளவுதான். "வீடு வாசல் இருக்கயில இதுக அடிக்கிற கூத்தப் பாரு" என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். கூட்டுக்குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். புருஷனும் பெண்டாட்டியும் வாய்விட்டுச் சிரித்துப் பேசியது அந்தத் துணிக்குள்தான். அது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

பிறகு பிள்ளைகள் சம்பாதித்தார்கள். அவர்களே ரூம் போட்டுக் கொடுத்தார்கள். மோட்டார் ரூமில் சுருட்டி வைத்த பழைய டென்ட்டை எலி கடித்துச் சல்லடையாக்கிவிட்டது.

அவரால் இனி முடியுமா என்பது இரண்டு பேருக்குமே தெரியாது. முடியும் என்று எனக்குக் காட்டத்தான் அவர் டென்ட் பேச்சையே எடுத்தார். முடிந்துவிட வேண்டுமே என்றுதான் வாயில் திட்டிக்கொண்டே நானும் பஸ் ஏறினேன்.

தேனி பஜாரில் தார்ப்பாய், மழைக்கோட்டு விற்கிற கடை அது. டென்ட்டெல்லாம் மாடியில் இருந்தன. என் தோளைப் பிடித்து ஒவ்வொரு படியாக அவர் ஏறினார். கடைக்காரர் அவருடைய காலைப் பார்த்துவிட்டு, நின்றபடியே உள்ளே நடமாடக்கூடிய ஒரு பெரிய டென்ட்டைக் காட்டினார்.

"இதுன்னா குனியவே வேணாம்ணே. கட்டிலே போட்டுக்கலாம். வயசானவுக எல்லாம் இதத்தான் வாங்கிட்டுப் போறாக."

வயசானவுக என்றதும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"அண்ணாச்சி, நான் பொறந்ததுலருந்து திராட்சப் பந்தலுக்கடியில குனிஞ்சே நடந்தவன். எங்கிட்டயா நிமிந்து நிக்கிற டென்ட்ட காட்டுறீக? அந்தா அங்கன கெடக்குல்ல, சின்னது, அத விரிங்க."

கடைக்காரர் இரண்டு பேர் படுக்கிற சின்ன டென்ட்டை விரித்து, கம்பிகளைக் கோத்து நிறுத்தினார். டென்ட்டுக்குள் முதலில் உட்கார்ந்து, அப்புறம் காலை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும் என்பார்கள். பந்தல்காரர்களுக்கு அது வராது. கொடிக்கடியில் நுழைகிற பழக்கத்தில் கழுத்தைத் தாழ்த்தி, முதுகை வளைத்து நேராக நுழைவார்கள். அவரும் அப்படியே நுழைந்தார். வளைந்த அந்த முதுகைப் பார்த்ததும் எனக்குப் பழைய ஆளே திரும்பி வந்தது மாதிரி இருந்தது.

உள்ளே பொத்தென்று ஒரு சத்தம்.

"ஒண்ணுமில்ல புள்ள, உக்காந்தேன்" என்றார். நாங்கள் காத்திருந்தோம். "காத்து நல்லா வருது" என்றார். சற்றுப் பொறுத்து, "தையலு கெட்டியா இருக்கு" என்றார். ஜிப்பைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் கொசுவலையைப் பாராட்டினார். இவ்வளவு நல்ல வார்த்தை எங்கள் கல்யாணத்துக்குக்கூட அவர் சொன்னதில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

நானும் நுழைந்தேன். உள்ளேயிருந்து ஜிப்பை இழுத்து மூடினேன். இடது கால் மடங்கி அடியில் மாட்டியிருந்தது. அவர் முகமெல்லாம் வேர்வை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். முழங்காலை ஊன்றச் சொன்னேன். ஊன்றினார், சரிந்தார். மறுபடியும் சரிந்தார். மூன்றாவது தடவை அவர் முயலவே இல்லை.

"வெளிய சொல்லாத" என்றார் மெதுவாக.

"யாருகிட்டச் சொல்லப்போறேன்."

மடங்கிய காலை எடுத்து நீட்டிவிட்டேன். அவர் படுத்தார். நானும் பக்கத்தில் படுத்தேன். கீழே பஜாரில் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். பட்டப்பகல். மஞ்சள் துணி வழியாக வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. கண்ணோரத்திலிருந்து காதுக்குள் தண்ணீர் இறங்கியதைத் துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை.

"இனி நீ மட்டும் போயிட்டு வா."

"நான் எங்க போக? பேசாமப் படுங்க."

"புடிச்சிருக்கா அக்கா?" என்று வெளியிலிருந்து கடைக்காரர் கேட்டார்.

"புடிச்சிருக்கு அண்ணாச்சி. இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கிறோம்" என்றேன். கடைக்காரருக்கு என்ன புரிந்ததோ, படியிறங்கிப் போனார்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு நேரம் கிடந்தோம் என்று தெரியாது. நாங்கள் மறுபடி டென்ட்டில் தங்கியது அவ்வளவுதான், அந்தக் கடைமாடியில்.

கடைசியில் நான்தான் ஜிப்பைத் திறந்து தலையை நீட்டி, கடைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்தார். கம்பிகளை ஒவ்வொன்றாக உருவினார். துணி எங்கள் இருவர் மேலும் மெல்ல இறங்கியது. அதை விலக்கி, ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தோம்.

"நல்ல டென்ட்டு" என்றார், சட்டையை நீவிவிட்டுக்கொண்டே. "சின்னஞ்சிறுசுக யாராச்சும் வந்தா இதக் குடுங்க."

கடைக்காரர் தலையை ஆட்டினார். பிறகு தரையில் உட்கார்ந்து அதைச் சுருட்டத் தொடங்கினார்.