சோகம் எடுக்கும் பிராங்கிளின்

“சிரிக்காதீங்கம்மா. தலையக் கொஞ்சம் கலைச்சு விடுங்க.” சொல்லிக்கொண்டே பிராங்கிளின் ஒற்றை முழங்காலை மண்ணில் ஊன்றுகிறார். முழங்காலுக்கு அடியில் மறக்காமல் ஒரு கைக்குட்டையை விரித்துக்கொள்வார்.

திண்டுக்கல்லில் அவருக்குக் கல்யாண போட்டோ ஸ்டூடியோ. முகூர்த்தம் இல்லாத நாட்களில் வெங்காயப்பேட்டைக்கு வந்துவிடுவார். மணப்பெண்ணின் பருவைக் கணினியில் அழிக்கிற அதே விரல், இங்கே கூலிக்காரர் முகத்துச் சுருக்கத்தை இன்னும் ஆழமாக உழும். கறுப்பு வெள்ளையில் பெரிதாக அச்சிட்டு, ஏதாவது ஏ.சி. மண்டபத்தில் மாட்டிவைப்பார்.

“ஏழைங்களும் மனுசங்கதான்னு ஊருக்குக் காட்டணும் பிரதர்” என்பார். இவர் காட்டும்வரை ஊருக்குத் தெரியாது என்று நினைப்பு. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அம்மா களையெடுத்துப் படிக்கவைத்தார். அவர் மனுஷிதானா என்று யாரும் போட்டோ கேட்டதில்லை.

நான் வேலை பார்க்கும் மண்டியில் வெங்காயம் ஆய்பவர் ஆனந்தமேரி அக்கா. வெகுநாளாகப் பேச்சுவார்த்தை இல்லாத அவருடைய தம்பி, போன வாரம் தானாகவே போன் செய்தார். மகளுக்குச் சர்ச்சில் புதுநன்மை, முதல்முறையாக நற்கருணை வாங்கும் விழா. பிளக்ஸில் போட அத்தையின் படம் வேண்டும், அன்று மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். எங்கள் பக்கம் பிளக்ஸில் முகம் இல்லாதவர் சொந்தத்திலேயே சேர்த்தியில்லை.

நீலப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பிராங்கிளின் முன்னால் போய் நின்றார் அக்கா.

“ஐயோ, வேலைச் சேலையே கட்டிட்டு வாங்கம்மா. அதுலதான் உண்மை இருக்கு.”

“அப்ப இது பொய்ச் சேலையா? நாங் காசு குடுத்து எடுத்ததுப்பா.”

ஆனாலும் படம் வேண்டுமே. மாற்றிக்கொண்டு வந்தார். எடுத்த படம் போனுக்கு வந்தது. கறுப்பு வெள்ளை, தலைமுடியில் வெங்காயச் சருகு, எங்கேயோ வெறித்த கண்கள்.

கூட வேலை பார்க்கும் ருக்ஸார் எட்டிப் பார்த்தாள். “யக்கா, இது புதுநன்மைக்கா, உன் துட்டிக்கா? கண்ணீர் அஞ்சலின்னு எழுதாததுதான் பாக்கி!”

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. “எந் தம்பி இதப் பாத்தா, நான் நாசமாப் போய்ட்டேன்னுல்ல நினைப்பான்? அவென் இல்லாமயும் நல்லாத்தான் இருக்கேன்னு தெரிய வேணாமா?”

“இதுலதாம்மா உங்க கண்ணியம் தெரியுது” என்றார் பிராங்கிளின்.

“அம்புட்டையும் நீயே வச்சுக்க அப்பு.”

மறுபடி பட்டுச்சேலை. ருக்ஸார் போனில் எடுத்தாள். பல் தெரிய ஒரு சிரிப்பு. அனுப்பிய கொஞ்ச நேரத்தில் தம்பியே கூப்பிட்டுவிட்டார்: “யக்கா, நீதான் நடுவுல. பெருசாப் போடச் சொல்லிட்டேன்.” அக்கா கால் தரையில் பாவவில்லை. போனைக் காதில் வைத்துச் சிரித்துக்கொண்டே மண்டி முழுக்க நடந்தார்.

அதற்குள் பிராங்கிளின், மூட்டை தூக்கும் பொம்மையன் எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தில் சோகத்தை வரவழைத்துக்கொண்டிருந்தார். பொம்மையனுக்குப் பின்னால், அந்த நீலப் பட்டும் சிரிப்புமாக அக்கா வந்து நின்றார். கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே பிராங்கிளின் இடது கையை நீட்டி, கோழியை விரட்டுவதுபோல் விரல்களை விசிறினார்.