ஊதாத் தொப்பி

ஐம்பதுகளில் ஒருநாள், செங்கல்பட்டில் கல்வி அலுவலக வாசலில், மாமல்லபுரம் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் என்னருகே காத்திருந்தார். ஒடிசலான உடம்பு. மடியிலிருந்த காகிதத் தொப்பிகளை ஓயாமல் நீவிக்கொண்டிருந்தார்.

“அந்தக் காலத்து ஜப்பான் இளவரசரு ஒருத்தரு பக்கத்து நாடுங்களப் பாத்துக் கொண்டாந்த ஏற்பாடு சார். பொறப்பப் பாக்காம, தெறமைக்கு ஏத்த கலர்ல தொப்பி. ஊதாதான் ஒசத்தி. நானும் கிளாஸ்ல குடுத்தேன். சேரிப் பொண்ணுக்கு ஊதா. மறுநாளே ஊர்க்காரங்க தொப்பியத் தூக்கிப் போட்டுட்டு, புள்ளைங்கள வூட்டோட நிறுத்திட்டாங்க.”

“அந்தப் பொண்ணு?”

“அது மட்டும் வந்துகினு கீது. அதோட தொப்பியக் கயட்டுனா மத்தவங்கள அனுப்புவாங்களாம். ஒத்தப் புள்ளைக்கு யாரு சார் பள்ளிக்கூடம் நடத்துவாங்க?”

உள்ளே கூப்பிட்டார்கள். தொப்பிகளை என்னிடம் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் இருந்தன. ஊதா மட்டும் இல்லை.